தோளைத் தாண்டிய சூரை மீன்

மடியில் பிசிறு வெட்ட வேண்டிய சட்டைக் கட்டு கிடக்கிறது. தையல் ஓரத்தில் தொங்குகிற நூலை நறுக்கி நறுக்கிப் போட்டுக்கொண்டே, பத்துச் சட்டைக்கு ஒரு தரம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வரி எழுதுகிறேன். பிள்ளை தூங்குகிறான். அவன் எழுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி பேர் சென்னியப்பன். கடலோர ஊர்க் கால்பந்துக் கிளப் ஒன்று அவரிடம் இரண்டாயிரம் சட்டை கேட்டது. ஆடுகிறவர்களுக்கு முப்பது போதும், மீதி ரசிகர்களுக்கு விற்க. நீலத் துணியில் வெள்ளிச் சூரை மீன்கள், எல்லாம் தலை மேலே பார்த்து நீந்துகிற மாதிரி. வரைந்தவர் டிசைனர் கிஷோர்.

துணி கட்டிங் மேசைக்கு வந்தது. மாஸ்டர் துரைப்பாண்டி பல வருஷமாக ஒற்றை நிறத் துணியையே வெட்டினவர். மேசையின் அந்தக் கோடி வரை விரித்து, அங்கேயே மடித்து, இந்தக் கோடிக்குத் திரும்பி வருவார். ஒற்றை நிறத்துக்கு அது சரி. தலையும் வாலும் உள்ள துணியை அப்படி விரித்தால் ஒன்று விட்டு ஒரு அடுக்கு தலைகீழாகிவிடும். கைப்பழக்கத்தில் விரித்தார், வெட்டினார். பாதித் துண்டுகளில் மீன் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

வெட்டின துண்டில் அது எத்தனையாவது அடுக்கு என்று எண் ஒட்டுவார்கள். முன்பக்கம் ஐந்து என்றால் பின்பக்கமும் ஐந்துதான் சேர வேண்டும். மாற்றினால் நிறம் ஒத்துப்போகாது. அந்தக் கம்பெனியில் இதைத் தவறினால் மன்னிப்பே கிடையாது.

தோள் தைக்கிறவள் மரகதம். எண் பார்த்து ஐந்தையும் ஐந்தையும் சேர்த்தாள். விரித்துப் பார்த்தால் முன்னும் பின்னும் மீன்கள் கருவாடு காயப்போட்ட மாதிரி தொங்கின. தைத்ததைப் பிரித்தாள். நான்காம் எண் முன்பக்கத்தை ஐந்தாம் எண் பின்பக்கத்தோடு சேர்த்தாள். மீன்கள் நெஞ்சில் ஏறி, தோளைத் தாண்டி, முதுகில் பாய்ந்து இறங்கின. மீந்த துண்டுகளைச் சேர்த்தால் முதுகில் ஏறி நெஞ்சில் இறங்கின. ஒரு துண்டும் வீணாகவில்லை. பக்கத்து மெஷின்காரர்களுக்கும் காட்டிக் கொடுத்தாள். மேலே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாம் தைத்து முடிந்து செக்கிங்கில் வெளிப்பட்டது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"என் விரிப்புல ஒரு குத்தமும் இல்லீங்க. டெய்லருங்கதான் குழப்பிட்டாங்க" என்றார் மாஸ்டர்.

கிஷோர் போனில் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "இந்தக் கண்றாவி என் டிசைனே இல்ல சார். என் பேர எங்கயும் சொல்லிராதீங்க."

மரகதம் முன்னால் வந்தாள். "நான்தானுங்க மாத்துனேன். செத்த மீனாட்டத் தொங்குனா யாருங்க போடுவாங்க?"

"உனக்கு எதுக்குடி அந்த ரோசனை? உன்னைத் தைக்கத்தானே வெச்சிருக்கு" என்றார் மாஸ்டர். "இவ பெரிய மூளைக்காரி. முதலாளி, உங்க நாற்காலிய வேணா குடுத்துப் பாருங்க."

நாலு பேர் சிரித்தார்கள். மரகதத்தை மெஷினை விட்டு எழுப்பிப் பிசிறு வெட்டப் போட்டார்கள். அதோடு விடவில்லை, ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள். வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால் அங்கேயும், "நம்பர் மாத்துறவதானே நீ?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பத் தைக்க நாள் இல்லாததால் சட்டைகள் அப்படியே போயின. அந்தக் கடலோர ஊரில் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. நெஞ்சில் ஏறுமீன் போட்டவர்கள் ஒரு பக்கம், இறங்குமீன் போட்டவர்கள் ஒரு பக்கம் என்று மைதானத்தில் பிரிந்து உட்கார்ந்து கத்தினார்களாம். கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. 'மீனைத் தோளைத் தாண்ட வைத்தவர் பேர் கழுத்து லேபிளில் வர வேண்டும். ஒரே பேர். அடுத்த வருஷச் சட்டைக்கு மாதிரி தைத்துக் காட்டுவதும் அவரே.'

மறுநாளே கிஷோர் காரில் வந்து இறங்கினார். "மீன் என் மீன். செதில் செதிலா வரைஞ்சது நான். என்னை விட்டா வேற யாரு?"

"உன் மீன் மேல பாத்துட்டு சும்மா நின்னுச்சு தம்பி. அதத் திருப்புனது என் கை" என்றார் மாஸ்டர். "வேணும்னுதான் அப்படி விரிச்சேன்."

"நீயா? உனக்குத் தல எது, வால் எதுன்னே தெரியாது."

"எல்லாந் தெரிஞ்ச உன் படங்கள மூணு வருசமா ஏன் எவனும் வாங்கல?"

மரகதம் பிசிறுக் கூடையை வைத்துவிட்டு வந்தாள். "ரெண்டு துண்டையும் சேர்த்தது நானுங்க. பேரு வராட்டியும் போகுது. எம்மெஷினக் குடுங்க."

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நான் திருப்பாம இருந்தா எதைடி சேர்த்திருப்பே?"

அவர் கேட்டதும் பொய்க் கேள்வி இல்லை. மீன் இல்லாமல் சட்டை இல்லை. திரும்பாமல் பாய்ச்சல் இல்லை. சேர்க்காமல் இரண்டும் குப்பை. முதலாளி கையில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த லேபிளில் வர வேண்டியது யார் பேர்?

எனக்குத் தெரிந்த பதில் இது. மரகதம் பேர்தான். கடிதம் மீனை வரைந்தவரைக் கேட்கவில்லை, தாண்ட வைத்தவரைக் கேட்டது. மாஸ்டர் கை திருப்பியது, ஆனால் அவருக்கே அது தெரியாது. வேணும்னே விரித்தவர் என்றால் அன்றைக்கு ஏன் டெய்லர்கள் மேல் பழியைப் போட்டார்? கிஷோர் தன் வாயாலேயே தன் டிசைன் இல்லை என்று தள்ளிவிட்டார். தைத்ததைப் பிரித்து, பார்த்து, தெரிந்தே மாற்றினவள் ஒருத்திதான். வசவு வந்த நேரத்திலும் அது தன் வேலை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். வெளியே குடத்தோடு கூப்பிடுகிறார்கள், தண்ணி வந்துருச்சாம், வரேன் வரேன், இன்னும் ஒரே ஒரு வரி. மாஸ்டரே, அன்னைக்கு மரகதத்தை மெஷினை விட்டு எழுப்பினப்போ, நான்தான் திருப்பினேன்னு சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வர...