கம்பி அறுந்தால் சைபர்

இந்தக் கதையின் முக்கால் பங்கை நம்புவதில் சிரமம் இல்லை. மிச்சக் கால் பங்கில்தான், இதைச் சொல்பவனுக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். கேட்டபோதும் இருந்தது, சொல்லும்போதும் இருக்கிறது. தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் ஞானதுரை என்று ஒருவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் வேலை போக, மிச்ச நேரமெல்லாம் ஒரு கணினி மொழியைக் கட்டிக்கொண்டிருந்தார். லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தது; எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுத வேண்டும். தனியாக நின்று ஓடுவதற்கானதல்ல அது. வேறொரு கருவிக்குள் குடிவைப்பதற்கானது. அவ்வளவு சின்னது என்பதால் குருணை என்று பெயர் வைத்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எதையாவது திருத்திப் புதுப் பதிப்பு வெளியிட்டுக்கொண்டே இருப்பார். முதல் பதிப்பின் முகப்பிலேயே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: 'இன்று குருணையில் எழுதியது, நாளை எந்தப் பதிப்பிலும் இதே மாதிரி ஓடும்.'

கோயம்புத்தூர் மயில்சாமி அந்த வாக்கை நம்பினார். மோட்டாரையும் ஹீட்டரையும் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்பவர். பெட்டிக்குள் குருணையை வைத்தார். வாங்கியவர்கள் தங்கள் ஊர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, வேண்டிய கட்டளைகளை அதில் நிரலாக எழுதிக்கொண்டார்கள். ஞானதுரை புதுப் பதிப்பு வெளியிட்டால் அன்றைக்கே சிம் கார்டு வழியாக எல்லாப் பெட்டிக்கும் போய்விடும். ஒருவருக்குப் பழசு, ஒருவருக்குப் புதுசு என்று பிரித்து அனுப்ப வசதி இல்லை.

நாமக்கல்லில் குஞ்சு பொரிப்பகம் நடத்தும் பாவாயி ஒரு நாள் ஞானதுரையைப் போனில் பிடித்தார். சென்சார் கம்பியை எலி கடித்துவிட்டிருக்கிறது. வெப்பம் எவ்வளவு என்று பெட்டி கேட்டால் பதிலே வரவில்லை. பதில் இல்லாததைக் குருணை, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். வெறும் பட்டியலைக் கணக்கில் சேர்த்தால் அதற்குச் சைபர். முதல் பதிப்பில் ஞானதுரை யோசிக்காமல் அப்படியே விட்டிருந்தார். வெப்பம் சைபர் என்று நம்பிய பெட்டி, ஹீட்டரை நிறுத்தவே இல்லை. உள்ளே இருந்த முட்டையெல்லாம் வெந்துபோயின.

"ஏனுங்க வாத்தியாரே, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணுமுங்க. வாய்க்கு வந்ததை அடிச்சு உடறதுக்கு உங்க பொட்டி என்ன மேடையிலயா பேசுது?" என்றார் பாவாயி.

ஞானதுரைக்கு வெட்கமாகப் போயிற்று. திருத்தம் சுலபம். வெறும் பட்டியல் கணக்கில் வந்தால் நிரல் நின்றுவிட வேண்டும். எல்லாம் அணைந்து மணி அடிக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு, இதனால் யாருக்காவது பாதகம் உண்டா என்று பெட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்.

ஒரே ஒரு பதில் வந்தது. வேதாரண்யத்தில் இறால் வளர்க்கும் வேதரத்தினம் பேசி அனுப்பியிருந்தார். "சார், நம்ம குளத்து ஆக்சிஜன் சென்சாரை உப்பு தின்னு ரொம்ப நாளாச்சு. ஆனா ஏரேட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் கெடக்கு. எப்புடின்னு இப்பதான் புரியுது. நிப்பாட்டிப்புடாதீங்க சார். மணி அடிச்சா கேக்க அங்க கொக்குதான் நிக்கும். விடியறதுக்குள்ள அத்தனை இறாலும் மெதந்துடும். மாறாதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

ஆக்சிஜன் சைபர் என்று நம்பியதால்தான் பெட்டி இடைவிடாமல் குளத்துக்குக் காற்றுக் கொடுத்திருக்கிறது. பாவாயியின் முட்டையைக் கொன்ற பிழை, வேதரத்தினத்தின் இறாலுக்கு மூச்சாக இருந்தது.

மயில்சாமி ஒரு வழி சொன்னார். "பழசு பழசாவே இருக்கட்டுங்க. புதுசு வேணுங்கறவங்க நிரல் தலைப்புல ஒரு வரி சேத்துக்கட்டும். உங்க வாக்கும் நிக்குமுங்க."

பாவாயி சிரித்தார். "அந்த வரி போடத் தெரிஞ்சவளா இருந்தா, கம்பி அறுந்ததும் எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே!"

வேதரத்தினத்தின் நிரலை ஞானதுரையே வாங்கித் திருத்திக் கொடுத்தார். மற்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் வேறு யாருக்கும் பாதகம் இல்லை என்று நினைத்து, புதுப் பதிப்பை அனுப்பப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். பதில் வராததைச் சைபர் என்று எடுத்துக்கொள்வதா? எந்தப் பிழையைத் திருத்த உட்கார்ந்தாரோ, அதைத் தானே செய்துகொண்டிருக்கிறார்! குழுவில் இல்லாதவர்கள், பார்க்காதவர்கள், சென்சார் செத்ததே தெரியாமல் ஏரேட்டர் ஓடும் சத்தத்தை நம்பித் தூங்குகிறவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அவருக்கும் வழியில்லை, மயில்சாமிக்கும் வழியில்லை. அனுப்பாவிட்டால் இன்னொரு பொரிப்பகத்தில் இன்னொரு எலி. அனுப்பினால் எங்கோ ஒரு குளம். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியவர், எழுத வந்தது மறந்து அப்படியே நிற்கிற அளவுக்கு ஆனது.

கடைசியில் முகப்பில் இருந்த வாக்கை அழித்தார். அனுப்பினார். "அதுல ஒரு குளம் செத்துப்போச்சு" என்று முடிப்பார், எப்போது இந்தக் கதையைச் சொன்னாலும்.

எல்லாருக்கும் திருத்தச் சொன்னார் பாவாயி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொன்னார் வேதரத்தினம். கேட்பவருக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார் மயில்சாமி. இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: பாவாயி சொன்னதே சரி. மயில்சாமியின் வழி விவரம் தெரிந்தவர்களுக்குத்தான் உதவும். ஆபத்தில் இருப்பவர்களோ தெரியாதவர்கள். வேதரத்தினத்தின் இறால் பிழைத்தது தற்செயல். தற்செயலுக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மணி அடித்தால் ஓடி வர ஒருவராவது இருக்கக்கூடும். சைபர் என்று சொல்லிவிட்டால் யாரும் வரப்போவதில்லை. ஆனால் சரியானதைச் செய்தவர் நிம்மதியாக இருப்பார் என்று இந்த விடையில் எங்கும் இல்லை. செத்த குளத்துக்கு ஊர் கேட்டால் ஞானதுரை சொல்லமாட்டார், பெயர் கேட்டாலும் சொல்லமாட்டார். போன மாதம், அடுத்த பதிப்போடு அவர் மல்லாடிக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த உரிமையில் நான் கேட்டேவிட்டேன்: "துரை, அந்தக் குளம் செத்துப்போச்சுன்னு உங்கிட்ட யாருடே வந்து சொன்னா? பதிலே வராததுக்கு நீயே சைபர் போட்டுக்கிட்டியோ?"