குண்டுமணிக்குள்ள என்ன?

கிடாமுட்டுக்குப் பேர்போன ஒரு ஊராம், அந்த ஊருக்குக் கோட்டைமுத்துன்னு ஒரு ராசாவாம். அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஒரே ஒரு ஆசைதான். சின்னப்புள்ளையில ஒரு குண்டுமணியைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே, "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டாராம். "தெரியலையேய்யா"ன்னுட்டாக அவுக அம்மா. அன்னைக்குப் புடிச்ச ஆசை, சோறு திங்கும்போதும் அதே நெனப்பு, நாட்டை ஆளும்போதும் அதே நெனப்பு. சிரிக்காதீக, உங்களுக்கு முறுக்கு டப்பா மேல இருக்குற ஆசை மாதிரிதான் அதுவும்.

கிடா வளக்குற ஆவுடைச்சியைக் கூப்புட்டாராம். அவளுக்கும் அதே கிறுக்கு. "வட்டமா தடம் போடுவோம் ராசா. ரெண்டு கிடா நெத்தியிலயும் குண்டுமணியை மெழுகு வச்சு ஒட்டி, ஒண்ணை இந்தப் பக்கமும் ஒண்ணை அந்தப் பக்கமும் ஓடவிடுவோம். முட்டுற எடத்துல வெள்ளைவேட்டி விரிச்சுட்டா, செதறுறது தெரியும்"ன்னா.

கோயில் வாசல் அளவுக்கு வட்டம் போட்டாக. டமார்! குண்டுமணி ஒடைஞ்சு பருப்பு விழுந்துச்சு. "பருப்புக்குள்ள என்ன?"ன்னாரு ராசா. கம்மாக்கரை அளவுக்கு வட்டம் போட்டாக. டமார்! பருப்பு ஒடைஞ்சு மாவு விழுந்துச்சு. "மாவுக்குள்ள என்ன?"ன்னாரு ராசா. ஊரைச் சுத்தி வட்டம் போட்டாக. டமார்! வேட்டி மேல மினுக்குன்னு ஒரு வெளிச்சம், கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருச்சு. ஊரே பாத்துச்சு, ராசா அழுதே போயிட்டாரு. "அந்த வெளிச்சத்துக்குள்ள என்ன ஆவுடைச்சி?"

"அதுக்கு நாட்டையே சுத்தி ஓடணுமே ராசா. வட்டம் பெருசானாத்தான் வேகம் வரும், வேகம் வந்தாத்தான் சின்னது ஒடையும்"னா.

நாட்டைச் சுத்தின்னா சும்மாவா? சனங்க நெலத்தைக் குடுக்கணுமே! அங்கதான் சடைமலை மந்திரி நொழைஞ்சான். "வெளிச்சத்துக்குள்ள மாணிக்கம் இருக்கு, வீட்டுக்கு வீடு குடுப்போம்"னு தண்டோரா போட்டுட்டான். சனங்களும் நம்பிக் குடுத்தாக. அதுல நல்ல நஞ்சையா பாத்துத் தன் பக்கம் ஒதுக்கிக்கிட்டான் மந்திரி, படுபாவி!

தடம் முடியுறதுக்குள்ள ராசாவுக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சு. கண்ணு தெரியாத மனுசன், வேட்டி ஓரமா உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாரு. டமார்!

"மாணிக்கம் ராசா, மாணிக்கம்!"னு குதிச்சான் மந்திரி.

ராசா ஆவுடைச்சி பக்கம் திரும்புனாரு. "நீ சொல்லு ஆவுடைச்சி."

அவ குனிஞ்சு வேட்டியைத் தடவிப் பாத்தா. "ஒண்ணும் தெரியலை ராசா. வேட்டி வெள்ளையாவே கெடக்கு."

சனங்க விடுவாகளா? "எங்கய்யா எங்க மாணிக்கம்?"னு மல்லுக்கு நின்னாக. ராசா எந்திரிச்சாரு. "மாணிக்கத்தைக் கண்டவன் மந்திரிதான், அவனே எடுத்துக் குடுக்கட்டும். எடுக்குற வரைக்கும் இந்த எடத்தை விட்டு நகரக்கூடாது"ன்னு பொடைச்சு எடுக்கச் சொல்லி மந்திரி கையில ஒரு மொறத்தைக் குடுத்து ஒக்கார வச்சுட்டாரு. அவன் ஒதுக்குன நஞ்சையும் போச்சு.

அப்புறம் சனங்களைப் பாத்துக் கும்புட்டாரு. "என் ஆசையாலதானே உங்களை ஏமாத்துனான். உங்க நெலத்தை எடுத்துக்கங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்யா, அவ்வளவுதான். அதுல உங்களுக்கு என்ன லாபம்னு கேட்டா, சொல்லத் தெரியலை"ன்னாரு. எல்லாரும் எடுத்துக்கிட்டாக. கொஞ்ச நாள்ல ராசாவும் செத்துப்போனாரு, கையை விரிச்சுப் பாத்தா உள்ள குண்டுமணி.

மழை பேஞ்சு உழவு வந்துச்சு. ஆவுடைச்சி தன் காட்டை உழுதுக்கிட்டே வந்தவ, காட்டோரமா போற தடத்துக்கிட்ட வந்ததும் ஏரை நிறுத்திட்டா. "ஏன் ஆத்தா, அந்த ஓரத்தை உழலையா?"ன்னான் பக்கத்துக் காட்டுக்காரன்.

"கெடக்கட்டும்யா. நாம நெனச்சது அங்க இல்லைன்னா, வேற என்னதான் இருக்கு? அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது"ன்னா.

தலையைச் சொறிஞ்சுக்கிட்டே அவனும் அந்த ஓரத்தை விட்டுட்டு ஏரைத் திருப்பிட்டான். அதைப் பாத்து அடுத்தவன், அவனைப் பாத்து அதுக்கு அடுத்தவன். தண்டோராவும் இல்லை, மாணிக்கமும் இல்லை, நாட்டைச் சுத்தி அந்தத் தடம் அப்படியே கெடக்கு.

மந்திரி பொடைக்க, கிடா மேய, என் கதை கரையேறிப் போச்சு. என்னய்யா முழிச்சுக்கிட்டே இருக்கே? அந்த வெளிச்சத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னா கேக்குறே?

தெரியலையேய்யா.