பெருச்சாளி வாங்கிய மான் புத்தகம்

பெருச்சாளி வஞ்சிக்கு நடந்தது அநியாயம். புத்தகத்தில் இருந்த குறைக்கு அவள் காலைப் பழித்தார்கள். அதுவும் கடைவீதியில், எல்லோரும் பார்க்க!

அல்லிக்குளக் காட்டில் மழைக்கு முன்னால் ஒரு போட்டி நடக்கும். முதலில் குளத்தை நீந்திக் கடக்க வேண்டும். பிறகு ஒரு பனங்காயைக் கரை நெடுக உருட்ட வேண்டும். கடைசியில் பாறைமேடு வரை ஓட வேண்டும். பொழுது சாய்வதற்குள் மேட்டைத் தொட்டவர்கள் அங்கேயே வளை தோண்டிக்கொள்ளலாம். தொடாதவர்களுக்குத் தாழ்நிலம்தான். போன மழையில் வஞ்சியின் வளைக்குள் தண்ணீர் புகுந்து, சேர்த்துவைத்த கிழங்கெல்லாம் அழுகிப்போனது. இந்த முறை மேட்டை விடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

நேராக மரங்கொத்தியின் கடைக்குப் போனாள். மரப்பட்டையில் கொத்தி எழுதிய புத்தகங்களை அவர் விற்றுவந்தார். ஒவ்வொரு அட்டையிலும் எழுதியவரின் கால்தடம் இருக்கும். பெரிய ஆளின் தடமா என்று பார்த்து வாங்குவதுதான் அந்தக் காட்டின் வழக்கம். உள்ளே புரட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவாம்!

"அண்ணே, எனக்குத் தண்ணின்னாலே பயம். புதுசா தொடங்குறவங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்காவா? இந்தா, புள்ளிமான் எழுதினது! வருஷா வருஷம் அவர்தான் முதல்!"

"கொஞ்சம் உள்ளே பார்க்கட்டுமா?"

"அதான் தடத்தைப் பார்த்தாச்சே! உள்ளே என்ன இருக்கப் போகுது?"

பொறுக்கிச் சேர்த்த நாவல்பழத்தையெல்லாம் கொடுத்து வஞ்சி அதை வாங்கினாள்.

முதல் பக்கம் சொன்னது: "குளத்தின் நடுவிலிருந்து தொடங்கவும்." வஞ்சி ஒரு மிதக்கும் கட்டையில் ஏறி நடுவுக்குப் போய்க் குதித்தாள். முழுகினாள். அங்கே படுத்திருந்த எருமை கொம்பை நீட்டித் தூக்கிவிட்டார்.

"ஏம்மா, தண்ணி குடிக்கணும்னா கரையிலேயே குடிக்கலாமே!"

இரண்டாம் பக்கம்: "பனங்காயைக் கொம்பால் தள்ளவும்." வஞ்சி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாம் பக்கம்: "வழியில் புதர் வந்தால் தாண்டவும்." தாண்டினாள். புதருக்கு நடுவில் விழுந்தாள். கள்ளிப் புதர்!

முள்ளோடு கடைக்குத் திரும்பி வந்தாள். மரங்கொத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தகத்துல ஒரு குறையும் இல்ல. குறை உன் கால்ல! இந்தக் குட்டைக் காலுக்குப் போட்டி ஒரு கேடா?"

மைனாக்கள் கெக்கெக்கே என்று சிரித்தன. வஞ்சிக்கு அன்று பதில் வரவில்லை. குனிந்துகொண்டாள். குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது. கடைப் பலகையின் அடியில் ஒரு மெலிந்த புத்தகம்!

"அது என்ன?"

"அதுவா? முள்ளம்பன்றி எழுதினது. போட்டியில கடைசியா வந்தவ. பலகை ஆடாம இருக்கட்டும்னு கீழே வச்சேன்."

"கடைசியா வந்தாளா? அப்போ மேட்டைத் தொட்டாளா?"

"தொட்டா, தொட்டா. இருட்டப்போற நேரத்துல!"

"எனக்கு அவ்வளவுதானே வேணும்!"

இந்த முறை வஞ்சி யாரையும் கேட்கவில்லை. அங்கேயே திறந்தாள்.

"இன்று கால் மட்டும் நனையட்டும். பயம் வந்தால் வெளியே வந்துவிடு. நானும் வந்தேன்."

கடை வாசலில் ஒரு குட்டை இருந்தது. அதில் இறங்கி நின்று பார்த்தாள். நிற்க முடிந்தது! பலகைக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு கிளம்பினாள்.

மறுநாளிலிருந்து தினமும் குளம். எருமைக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னம்மா, இன்னைக்குக் கழுத்து வரைக்குமா?"

"மூக்கு வரைக்கும் அண்ணே!"

போட்டி நாள் வந்தது. மான் எப்போதோ போய்விட்டார். முயலும் கீரியும் போய்விட்டார்கள். வஞ்சி மெதுவாக நீந்திக் கரையேறினாள். பனங்காயை நெஞ்சால் தள்ளினாள். மூக்கால் தள்ளினால் மூக்கு வீங்கும் என்று முள்ளம்பன்றி எழுதியிருந்தாளே! பாதி வழியில் காய் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டது. சூரியனோ பனை உச்சிக்குக் கீழே வந்துவிட்டது. வஞ்சிக்கு அழுகை வந்தது. அப்போது முள்ளம்பன்றி புத்தகத்தின் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது: "காய் பள்ளத்தில் இறங்கினால் இழுக்காதே. முன்னால் இருக்கும் மண்ணைத் தோண்டு. நான் இங்கேதான் உட்கார்ந்து அழுதேன்."

தோண்டுவதா? பெருச்சாளிக்கா சொல்லித்தர வேண்டும்! மண் பறந்தது. காய் உருண்டது. கரை முடிந்ததும் வஞ்சி ஓடினாள். கடைசி வெயில் பாறையில் இருக்கும்போதே வஞ்சியின் குட்டைக் கால் மேட்டைத் தொட்டது.

மழை வந்தது. கொட்டித் தீர்த்தது. புது வளையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வஞ்சி கிழங்கைக் கொறித்துக்கொண்டிருந்தபோது, நனைந்த இறகோடு மரங்கொத்தி வாசலில் வந்து நின்றார்.

"வஞ்சியம்மா! மான் புத்தகத்து அட்டையில உன் தடத்தையும் வச்சுக் கொடேன். பெருச்சாளியே படிச்சு ஜெயிச்சதுன்னு சொன்னா அமோகமாப் போகும்!"

வஞ்சி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். ஒரு துண்டு கிழங்கும் கொடுத்தாள். பிறகு, அன்று கடைவீதியில் வராத பதிலை நிதானமாகச் சொன்னாள்:

"என் கால்ல ஒரு குறையும் இல்ல அண்ணே, புதுசா தொடங்குறவங்களுக்கு, எப்படி முதல்ல வந்தேன்னு சொல்ற புத்தகத்தைவிட, எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன்னு சொல்ற புத்தகம்தான் துணை!"