கண்ணாடிக்குக் கீழே சுழல்வல்லி

"வேர் அறும்போது ஒரு சத்தம் வந்தது, ஐயா. ணக் என்று. மூன்று வருஷமாகிறது. இன்னும் காதைவிட்டுப் போகவில்லை."

தாண்டவராயன் இதைச் சொன்னபோது வைத்தியர் செவ்வந்திநாதப் பண்டிதர் மருந்துக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

இளவரசர் நாடு பார்த்துக் கற்றுக்கொள்ளக் காசிவரை சென்ற யாத்திரையில் பண்டிதரின் சீடன் தாண்டவராயனும் போயிருந்தான். மூலிகைகளைச் சேகரிப்பதும் வரைவதும் அவன் வேலை. பன்னிரண்டு வண்டிகள் திரும்பி வந்தன. சிலைகள், சிப்பிகள், சுவடிகள், பாடம் செய்த பறவைகள். அவற்றை வைக்க அரண்மனையில் ஒரு கூடமே கட்டினார்கள்.

"எந்த வேர்?"

"கொல்லிமலையில் எடுத்த சுழல்வல்லி. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். மஞ்சள் நூலால் காப்புக் கட்டினேன். மூலிகையின் சாபம் தீர மந்திரம் சொன்னேன். செடியிடம் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கினேன்."

"பக்கத்தில் எத்தனை இருந்தது?"

"அது ஒன்றுதான். மலை முழுக்கத் தேடிவிட்டோம். அதனால்தான் விட மனம் வரவில்லை."

பண்டிதர் தலை நிமிரவில்லை.

"கேட்டாய் என்றாயே. அது என்ன சொன்னது?"

தாண்டவராயன் நறுக்கிய இஞ்சியைத் தட்டில் அள்ளினான்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு பாதங்களிலும் துணி சுற்றியிருந்தாள். பெயர் வெள்ளச்சி. கொல்லிமலையிலிருந்து ஆறு நாள் நடந்து வந்தவள்.

"சாமி, எம்மவ காராயிக்கு வலிப்பு. இந்த மழைக்குத்தான் ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு நாலு தடவ வருது. பச்சையாப் பிழிஞ்ச சுழல்வல்லிச் சாறு ரெண்டு சொட்டு விட்டா நின்னுரும். சின்னதுல நானே அப்படிப் பொழச்சவதான். எங்க பாறையில இருந்தத ராசா ஆளுங்க கொண்டாந்துட்டாங்களாமே?"

பண்டிதர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அழைத்துக்கொண்டு போய்க் காட்டு" என்றார் சீடனிடம்.

"ஐயா..."

"நீதானே எடுத்தாய்?"

அரண்மனைக் கூடத்தில் அவள் முதலில் பார்த்தது அவன் வரைந்த படத்தை. பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இதேதான் சாமி! பூச்சி கடிச்ச ஓட்டையக்கூட விடலையே! எந்தத் தோட்டத்துல வச்சிருக்கீங்க?"

அவன் படத்துக்கு அருகே இருந்த கண்ணாடி மூடியைத் தூக்கினான். அடியில் காகிதத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் தொட்டான். அது பொடிந்தது.

"இதுல சாறு வராதே."

"வராது."

"வேற?"

"வேறு இல்லை, அம்மா."

அவள் அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இத எதுக்கு சாமி கொண்டாந்தீங்க?"

"இப்படி ஒரு செடி இருக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள."

"எங்களுக்குத்தான் தெரியுமே, சாமி."

அவர்கள் திரும்பி வந்ததும் பண்டிதர் அவளுக்கு ஒரு சூரணம் மடித்துக் கொடுத்தார். அது அந்த வலிப்பை நிறுத்தாது என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டவளுக்கும் தெரியும். கும்பிட்டுவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

அவள் தெருமுனை தாண்டும்வரை தாண்டவராயன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் எல்லாம் முறைப்படிதான் செய்தேன், ஐயா."

"நானும் முறைப்படிதான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் பண்டிதர்.

வெள்ளச்சி மலையேறி வீடு சேர்ந்தபோது, காராயியைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.