வானத்தை அடைத்த நரி

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், என்னோடு புவியியல் கற்பித்த ஆசிரியை எஸ்தர் சற்குணம். குழந்தைகளே, நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

குன்று ஒன்றைச் சுற்றி வளர்ந்திருந்த ஒரு காட்டில், ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, வானிலிருந்து ஒளிப்பொறிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. விலங்குகள் நடுங்கின.

"வானம் ஓட்டையாகிவிட்டது!" என்று கூவியது நரி. "என் தவத்தால் அதை அடைக்கிறேன். அமாவாசைதோறும் ஒவ்வொரு வளையிலிருந்தும் மூன்று கிழங்கு என்னிடம் வந்து சேரட்டும். தவறினால் வானமே இடிந்து விழும்!"

பயந்த முயல் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. மாதங்கள் சென்றன. நரி கொழுத்தது. முயலின் ஆறு குட்டிகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

அதைக் கண்டு முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "முயலக்கா, வானம் ஓட்டையுமில்லை, விழுந்தவை நட்சத்திரங்களுமில்லை. நான் நாள்தோறும் இந்தக் குன்றைச் சுற்றி வருகிறேன். என் வழியை யானைத் தடம் இரண்டு இடங்களில் வெட்டுகிறது. யானைகள் என்றோ போய்விட்டன. அவை உதிர்த்த புழுதியோ இரண்டு இடங்களிலும் என் முட்களில் படிகிறது."

"அதற்கும் வானத்துக்கும் என்ன?"

"என்றோ போன வால்நட்சத்திரமும் தன் தடமெங்கும் தூசியை உதிர்த்திருக்கிறது. சூரியனைச் சுற்றும் நம் பூமி, அந்தத் தடத்தை ஆண்டுதோறும் இருமுறை கடக்கிறது. ஐப்பசியில் ஒருமுறை, சித்திரைக் கடைசியில் ஒருமுறை. தூசி காற்றில் உரசி எரிகிறது, அவ்வளவுதான்!"

"இதை நரியாரிடம் யார் சொல்வது?" என்று கேட்டது முயல்.

"சொல்லவே வேண்டாம், அக்கா. என்னோடு வா."

முள்ளம்பன்றி நரியின் முன் பணிந்து நின்றது. "தவசீலரே! நாங்கள் கிழங்கு கொடுத்த பிறகும் வானம் உதிர்ந்தால்?"

"என் தவத்தையா சந்தேகிக்கிறாய், குத்தூசிப் பயலே!" என்று சீறியது நரி. "ஒரு பொறி உதிர்ந்தாலும் வாங்கியதையெல்லாம் திருப்பித் தருகிறேன். காடே சாட்சி!"

சித்திரைக் கடைசி வந்தது. விடியுமுன் விலங்குகளெல்லாம் குன்றின்மேல் கூடின. சர்ரென்று ஒரு பொறி. பின்னாலேயே பத்து, இருபது!

"தவசீலரே, ஒழுகுகிறதே! குடை வேண்டுமா?" என்று குரங்கு கேட்க, காடே சிரித்தது.

தின்றதை எங்கிருந்து எடுப்பது? நரி கோடை வெயிலில் மண்ணைத் தோண்டித் தோண்டிக் கிழங்கு சேர்த்தது. ஏழு அமாவாசைக்கும் சேர்த்து முயலின் வளைக்கு அது திருப்பிக் கொடுத்தவை, சரியாக இருபத்தொரு கிழங்குகள்.

நீதி: காரணம் அறிந்தவரை அச்சம் காட்டி ஏய்க்க முடியாது.