கீழிருந்து மேலே பதினேழு வரிகள்

ஊத்துக்காட்டுத் தோட்டத்து அண்ணன் தம்பி மூவரையும் முட்டாள்கள் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர்கள் பிறர் சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள், அவ்வளவுதான். சொல்கிறவன் பார்த்துச் சொல்லாவிட்டால் அது கேட்கிறவன் குற்றமா?

மூத்தவர் ஆறுக்குட்டி. வீட்டில் முடிவெடுப்பவர். நடுவிலவர் நாச்சிமுத்து. அந்த முடிவுகளை அனுபவிப்பவர். கடைசித் தம்பி பொங்கியண்ணனுக்கு நாற்பது வயது. எட்டாவது வரை படித்தவர், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். எதையாவது எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. எழுதுவதற்கு விஷயம்தான் அகப்படுவதில்லை.

மூவரும் கூடி ஒரு முடிவுக்கு வர அரை நாள் ஆகும். ஆறுக்குட்டியின் மனைவி தெய்வாத்தாள் இருபது வருஷமாக இதைக் கணக்கில் வைத்துத்தான் அந்த வீட்டில் சோறு பொங்கிவந்தாள்.

தெய்வாத்தாள் அந்த வருஷம் வீட்டுக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். நாற்பத்தைந்தாம் நாள், காய் திரளுகிற நேரம், ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மர் படாரென்று வெடித்தது. புதிதாக மாற்றப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வெங்காயம் நாலு நாள் பொறுக்கும். ஐந்தாம் நாள் தாள் சுருண்டுவிடும்.

"மோட்டார் ஓடாதுன்னா என்னுங்க, பழைய ஆயில் இஞ்சின் இருக்குதில்ல?" என்றாள் தெய்வாத்தாள்.

இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டில், ஓட்டுச் சாய்ப்புக்குள், இருபத்திரண்டு வருஷமாக அது இருந்தது. யானைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி. கரண்டு மோட்டார் வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. துணி காயப்போட்டார்கள், ஊறுகாய் ஜாடி வைத்தார்கள். இப்போது அதன் தலைமேல் ஒரு கூடையில் செவலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

டவுனில் இருந்த மெக்கானிக் ஹனீபா பாய்க்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. கட்டிலில் படுத்தபடியே மூவருக்கும் சொல்லி அனுப்பினார்.

"ஒவ்வொண்ணா கழட்டுங்க. என்னென்ன ஆகுதோ எல்லாத்தையும் வரிசையா நோட்டுல எழுதுங்க. ஒரு வரி விடக்கூடாது. கழட்டினதை டீசல்ல கழுவி, பச்சைக் குழந்தையாட்டம் பாத்துக்குங்க. மாட்டறப்ப நோட்டைக் கீழேயிருந்து மேலே படிச்சுட்டே வாங்க. கடைசி வரி முதல்ல, முதல் வரி கடைசில. ஒரு வரி தப்பினாலும் இஞ்சின் உங்க பேச்சைக் கேக்காது."

பொங்கியண்ணன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் சாய்ப்புக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, பேனாவை உதறி, முதல் வரியை எழுதினார்: "இஞ்சின் ஓடவில்லை." இரண்டாம் வரி: "கோழியைக் கூடையோடு இறக்கினோம்." மூன்று: "சைலன்சர் கழற்றியது." நான்கு: "டீ குடித்தோம்."

"டீ குடிச்சதும் எழுதோணுமா?" என்றார் நாச்சிமுத்து.

"பாய் 'என்னென்ன ஆகுதோ'ன்னாரே. டீ ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்பறம் என்ன?"

ஐந்தாவது, டீசல் டேங்க். ஆறாவது, ஹெட். ஏழாவது வரியில்தான் சோதனை ஆரம்பித்தது. பக்கத்து மூடியைக் கழற்றி, அதற்குள் எண்ணெய் கசியாமல் இருக்க வைத்திருந்த காகிதப் பேக்கிங்கை நாச்சிமுத்து தரையில் வைத்தார். வெள்ளாடு வந்து அதைத் தின்றுவிட்டுப் போயிற்று. "மூடி கழற்றியது. பேக்கிங்கை ஆடு தின்றது" என்று பொங்கியண்ணன் எழுதினார்.

ஆட்டைத் துரத்துகிற அவசரத்தில் நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்பானர் நழுவி அண்ணன் கால் கட்டைவிரலில் விழுந்தது. எட்டு. அண்ணன் "அய்யோ" என்று கத்தினார். ஒன்பது. நாச்சிமுத்துவை ஓர் அறை விட்டார். பத்து. நாச்சிமுத்து அழுதார். பதினொன்று. அடுப்படி வாசலில் நின்ற தெய்வாத்தாள் சிரித்தாள். பன்னிரண்டு.

பிஸ்டன் வெளியே வந்தது. பதிமூன்று.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்ப மாமா வந்தார். பார்த்தார். "இது ஆகாது" என்றார். போனார். நான்கு வரி. ஆகப் பதினேழு.

கழற்றியதை எல்லாம் குளிக்கிற அண்டாவில் டீசல் ஊற்றிக் கழுவினார்கள். பச்சைக் குழந்தையாட்டம் என்று பாய் சொல்லியிருந்ததால் தெய்வாத்தாளின் பழைய சேலையில் தூளி கட்டிப் பிஸ்டனைப் போட்டார்கள். கண்பட்டுவிடக் கூடாதே என்று ஆறுக்குட்டி கிரீஸ் தொட்டு அதற்கு ஒரு பொட்டு வைத்தார். நாச்சிமுத்து தூளியை ஆட்டினார். நடுவில் ஒரு முறை, "ஷ்… சத்தம் போடாதீங்க" என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் மாட்ட உட்கார்ந்தார்கள். பொங்கியண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரியைப் படித்தார்.

"பதினேழு. மாமா போனார்."

மூவரும் யோசித்தார்கள்.

"மாமா இங்கிருந்து போகோணும்னா முதல்ல இங்க வரோணுமே?" என்றார் நாச்சிமுத்து.

"இப்ப வந்தா அது நோட்டுல இல்லாத வேலை. வர்றது பதினாலாவது வரி. அதுக்கு இன்னும் நேரம் இருக்குது" என்றார் பொங்கியண்ணன்.

"அப்ப வராமலே போகோணும்" என்றார் ஆறுக்குட்டி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் வெங்காயக் காட்டைப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள். "மாமா இந்நேரம் சந்தைக்குப் போவாருங்க. போறவரைப் போய்ப் பிடிங்க" என்றாள்.

மூவரும் ஓடினார்கள். நாச்சிமுத்து பிஸ்டனைத் தூளிச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாமா பையோடு வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் ஓடியபடியே பதினேழை டிக் அடித்தார்.

"மாமா! இஞ்சின் ஆகுங்களா?" என்று ஆறுக்குட்டி பின்னாலிருந்து கத்தினார்.

"நேத்தே சொன்னனேடா, ஆகாதுன்னு!" என்றார் மாமா திரும்பாமல். பதினாறு.

நாச்சிமுத்து முன்னால் ஓடிச் சேலையை விலக்கிக் காட்டினார். மாமா எட்டிப் பார்த்தார். "யாரு குழந்தைடா? கன்னங்கரேல்னு இருக்குது, இதுல பொட்டு வேற?" என்றார். பதினைந்து. மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரைத் தோட்டத்துக்கு இழுத்து வந்தார்கள். பதினான்கு. வந்தவரை அப்படியே விட்டுவிட்டார்கள். நோட்டில் அவருக்கு வேறு வேலை இல்லை. அன்றைக்கு மாமாவின் சந்தை போயிற்று.

பிஸ்டன் உள்ளே போனது. பதிமூன்று.

"பன்னெண்டு. அண்ணி சிரிச்சாங்க" என்று படித்துவிட்டுப் பொங்கியண்ணன் நிமிர்ந்தார். "அண்ணி, சிரிங்க."

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் காணாத காடு. தாள் நுனி மஞ்சளாகத் திரும்பியிருந்தது. நடவுக்குக் குனிந்த முதுகுவலி இன்னும் போகவில்லை. "சிரிக்கிற நேரமா இது?" என்றாள்.

"நீங்க சிரிக்காட்டி இஞ்சின் ஓடாதுங்க அண்ணி. பாய் சொல்லியிருக்கறாரு."

பல்லைக் காட்டினாள். "அது சிரிப்பாகாது. நேத்து வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சீங்க" என்றார் பொங்கியண்ணன்.

ஒரு மணி நேரம் வேலை நின்றது. சும்மா நிற்பானேன் என்று ஆண்கள் மூவரும் அடுத்த வரிகளை ஒத்திகை பார்த்தார்கள்.

"பதினொண்ணு, நீ அழுவோணும். பத்து, நான் அறையோணும்" என்றார் ஆறுக்குட்டி.

"அடி வாங்கறதுக்கு முன்னாலயே அழுவோணுமாங்கண்ணா?"

"ஆமா."

"என்னன்னு நெனச்சு அழுவறதுங்க?"

"அடி வரப்போகுதுன்னு நெனச்சு அழு."

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். அண்ணன் கையின் அகலம் ஞாபகத்துக்கு வந்தது. உதடு பிதுங்கியது. தேம்பித் தேம்பி நிஜமாகவே அழ ஆரம்பித்தார். எதிரில் ஆறுக்குட்டி கட்டைவிரலை முன்னே நீட்டி, இன்னும் விழாத ஸ்பானருக்காக "அய்யோ" என்று முகத்தைச் சுளித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்தாள். அடக்க முடியவில்லை. காடு காய்கிறதே என்று ஒரு பக்கம் நெஞ்சு பதைக்க, அடுப்படிப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படிப்பட்ட சிரிப்பு எந்தக் கணக்கில் சேரும் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். பொங்கியண்ணனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. டிக் அடித்தார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாச்சிமுத்து அழுதார். அறை விழுந்தது. அண்ணன் கத்தினார். ஸ்பானர் கட்டைவிரலில் விழுந்தது. முதல் தடவை குறி தப்பியதால் இரண்டாவது தடவை நன்றாகவே விழுந்தது.

ஏழாவது வரியில் மறுபடியும் நின்றார்கள்.

"ஆடு தின்னது. அப்படின்னா இப்ப ஆடு திருப்பிக் குடுக்கோணும்" என்றார் ஆறுக்குட்டி.

"எந்தப் பக்கமாங்கண்ணா?" என்றார் நாச்சிமுத்து.

நல்ல கேள்வி. கருத்து வேறுபட்டதால் ஆறுக்குட்டி ஒரு தட்டோடு ஆட்டின் முன்னாலும், நாச்சிமுத்து ஒரு தட்டோடு பின்னாலும் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்துவின் தட்டில் மட்டும் அவ்வப்போது வரவு இருந்தது. அவர் ஒவ்வொரு புழுக்கையாக எடுத்து மூடியில் வைத்துப் பார்த்து, "இது அளவு பத்தலீங்க" என்றார்.

தெய்வாத்தாள் உள்ளே போனாள். போன வருஷக் காலண்டரின் கெட்டி அட்டையைக் கிழித்து, மூடியை அதன்மேல் வைத்துக் கரிக்கோடு போட்டுக் கத்தரித்தாள். திருகு போகிற துளைகளை ஆணியால் குத்தினாள். வந்து ஆட்டின் வாயில் அட்டையை ஒரு ஓரமாகச் செருகி, அது மெல்லுவதற்குள் வெடுக்கென்று இழுத்தாள்.

"இந்தாங்க. குடுத்துருச்சு."

மூவரும் ஆட்டைப் பார்த்தார்கள். "நாணயமான ஆடு" என்றார் ஆறுக்குட்டி.

ஹெட், டேங்க், டீ, சைலன்சர். எல்லாம் ஏறின. புத்திசாலிகள் மாட்டினால் எப்படியும் ரெண்டு நட்டு மிச்சம் வரும். இவர்களுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாம் வரியின்படி செவலைக்கோழியைக் கூடையோடு தூக்கி இஞ்சின் தலைமேல் வைத்து, விழாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதற்குள் இருட்டிவிட்டதால் மற்றதை விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

நாலாம் நாள் காலை. டீசல் ஊற்றி, கைப்பிடியைப் போட்டு, ஆறுக்குட்டியும் நாச்சிமுத்துவும் மூச்சைப் பிடித்துச் சுற்றினார்கள். இஞ்சின் இருமியது. கரும்புகையைக் கக்கியது. டக்… டக்… டக்டக்டக் என்று பிடித்துக்கொண்டது. சாய்ப்பு அதிர்ந்தது. கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டது. கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் குபுகுபுவென்று கொட்டியது. தெய்வாத்தாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடி முதல் பாத்தியைத் திறந்துவிட்டாள்.

மூன்றாவது பாத்தி நிறைகிறபோது பொங்கியண்ணன் வரப்பில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு வரி மிச்சம் இருக்குது."

"என்ன வரி?"

"ஒண்ணு. இஞ்சின் ஓடவில்லை." நோட்டைக் காட்டினார். "ஓடிட்டு இருக்குதுங்களே. பாய் சொன்னது தப்பிப்போச்சு. பெரியண்ணன் நிறுத்தறதுக்குக் கையை நீட்டிட்டாரு."

தெய்வாத்தாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆறுக்குட்டியின் கை டீசல் குழாயின் திருகுக்குப் பக்கத்தில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால், பாய் சொன்னதை மீறுவதா என்று உடனே நிறுத்துவார். ஏன் வேண்டாம் என்று கேட்பார், நிறுத்திவிட்டுத்தான் கேட்பார்.

"தாராளமா நிறுத்துங்க," என்றாள். "ஆனா மூணு பேரும் ஒரே முடிவாச் சொல்லிட்டு நிறுத்துங்க. பெரிய காரியம். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ள ஒருத்தரு மனசு கோணக்கூடாது பாருங்க."

ஆறுக்குட்டி கையை எடுத்தார். நியாயமான பேச்சு. மூவரும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

"ஓடாம இருக்கறது ஒரு வேலையாங்கண்ணா?" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து. "ஒண்ணுமே செய்யாததை எப்படிச் செய்யறது?"

"இருபத்திரண்டு வருஷம் செஞ்சுதே."

"அது அதுவா செஞ்சுது. நாம செஞ்சா அது ஓடவில்லைன்னு ஆகுமா, நிறுத்தினோம்னு ஆகுமா?"

"எழுத்துல நிறுத்தினோம்னு இல்லை," என்றார் பொங்கியண்ணன். "எழுதினவன் நான்."

மதியம் சோறு அங்கேயே வந்தது. தின்றுகொண்டே பேசினார்கள். பொழுது மேற்கே சாய்ந்தது. தெய்வாத்தாள் கடைசிப் பாத்தி நிறைந்து கடைசிச் செடிவரை தண்ணீர் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, மடையை அடைத்து, மண்வெட்டியையும் காலையும் கழுவிக்கொண்டு சாவகாசமாக வந்தாள்.

"முடிவாச்சுங்களா?"

"ஆச்சு. நிறுத்தறது" என்றார் ஆறுக்குட்டி.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். பொங்கியண்ணன் முதல் வரியை டிக் அடித்து நோட்டை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். வெங்காயமும்.

விடிந்ததும் மூவரும் சாய்ப்புக்குள் போய் நின்றார்கள். இஞ்சின் சத்தமில்லாமல் இருந்தது. சுற்றி வந்து பார்த்தார்கள். ஆறுக்குட்டி காதை வைத்துக் கேட்டார்.

"ஏண்டா, ஓட மாட்டேங்குது?"

"நேத்து நிறுத்தினோமுங்களே."

"நிறுத்தினது நேத்து. இன்னிக்கு ஏன் ஓடலை?"

பொங்கியண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அதற்கு வரி இல்லை.

"கழட்டிப் பாத்தரலாம்" என்றார் ஆறுக்குட்டி.

பொங்கியண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனாவை உதறி, "ஒன்று. இஞ்சின் ஓடவில்லை" என்று எழுதினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தெய்வாத்தாள் போய் ஆட்டை அவிழ்த்து வீட்டுக்குள் கட்டினாள்.

நாச்சிமுத்து மட்டும் ஒரு மூலையில் குந்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"உன்னை இன்னும் யாரும் ஒண்ணும் செய்யலையேடா?" என்றார் ஆறுக்குட்டி.

"போன தடவை அழுகை வர நேரமாயிருச்சுங்கண்ணா," என்றார் நாச்சிமுத்து மூக்கை உறிஞ்சியபடி. "இந்தத் தடவை என்னால வேலை நிக்கக்கூடாது பாருங்க."