சீமாட்டி தெயோஃபிலாவின் மூணு படம்

பனி கொட்டுற போலந்து தேசத்துல, ஒரு ஊர்ல ஒரு சீமாட்டி இருந்தா. பேரு தெயோஃபிலா. அவளுக்கு ரெண்டு வயசுல ஒரே பொண்ணு, கஸ்யா. காலை உதைக்காதே, போர்வை விலகுது பாரு. கேக்கறியா?

ம்.

அப்போ ராஜா அவ வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தூர தேசத்துக்குத் தூதரா போகச் சொல்லிட்டார். மூணு வருஷம். தெயோஃபிலாவும் கூடப் போகணும். குழந்தைக்கு வண்டிப் பயணம் ஒத்துக்காது, ஆயா மார்த்தாகிட்ட இருக்கட்டும்னு முடிவாச்சு.

திரும்பி வர்றதுக்குள்ள கஸ்யாவுக்கு என் முகம் மறந்துடுமேன்னு அவளுக்குக் கவலை வந்துது. ஆனா அழுதுக்கிட்டு உக்கார்ற ஆளில்ல அவ. "என் படத்தை வரைஞ்சு மாட்டிட்டுப் போறேன். தினம் பார்த்தா எப்படி மறப்பா?"ன்னா.

கடகட கடகடன்னு வண்டியில மொத ஓவியர் வந்தார். அவர் கொண்டுவந்த படத்துல பட்டு கவுன், இடுப்பு, கை எல்லாம் ஏற்கனவே வரைஞ்சு வச்சிருக்கு. முகத்துக்கு மட்டும் இடம் காலி. எந்தச் சீமாட்டி உக்காந்தாலும் அதே உடம்புதான். கையில வில்லு வேற, வேட்டைத் தேவதையாம். சரசரன்னு முகத்தை எழுதி முடிச்சார். கஸ்யாவைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க.

"கண்ணு, இது யாரு?"ன்னு கேட்டா தெயோஃபிலா.

"வில்லு"ன்னா கஸ்யா.

அப்புறம் ரெண்டாவது ஓவியர். முடிக்கு வெள்ளைப் பவுடர், கன்னத்துல வட்டமா சிவப்பு, பட்டாணி அளவுக்கு வாய். அவ கன்னத்து அம்மைத் தழும்பையெல்லாம் பூசி மறைச்சுட்டார். வீடே ஆகா ஓகோன்னுது. கஸ்யா குடுகுடுன்னு வந்தா. பாவாடையைப் பிடிச்சு, முழங்காலை மடக்கி, விருந்தாளிக்குப் பண்ற மாதிரி படத்துக்கு வணக்கம் போட்டா. மார்த்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. தெயோஃபிலா சிரிக்கல. கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. தூங்கிட்டியா?

ம்ம்.

அப்போ அவ நேரா குதிரை லாயத்துக்குப் போனா. அங்க ஒனுஃப்ரின்னு ஒருத்தர், ஐயாவோட குதிரைகளைப் படம் போடறவர்.

"என்னை வரையணும்"னா.

"எனக்கு அழகா வரைய வராதும்மா. குதிரைக்கு ஒரு சுழி மாறிப் போட்டாலும் ஐயா திட்டுவாரு. இருக்கிறதை அப்படியே போட்டுத்தான் பழக்கம்."

"அதுக்குத்தான் வந்தேன்."

மறுநாள் காலையில பவுடர் பூசாம, வீட்டுக் குல்லாயோட உக்காந்தா. குதிரையைப் பார்க்கிற மாதிரியே ஒனுஃப்ரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுத்திப் பார்த்து வரைஞ்சார். கஸ்யா வந்தா. படத்துக்கு ரொம்பக் கிட்டப் போனா. அப்புறம் கன்னத்துத் தழும்புல விரலை வச்சா, பச்சக்! ஈரப் பெயிண்ட்.

"அம்மா"ன்னா.

வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். "சமையக்காரி மாதிரி இருக்கே. இதைக் கூடத்துல எப்படி மாட்டறது?"

"கூடத்துக்கு அந்த ரெண்டும் இருக்கட்டும். இது கஸ்யா கட்டிலுக்கு எதிர்ல, அவ கண்ணு உயரத்துக்கு."

அப்படியே மாட்டிட்டுக் கிளம்பினாங்க. மூணு வருஷம்னு போனது நாலாச்சு. திரும்பி வர்ற வழியில, ஊருக்கு முன்னாடி சத்திரத்துல வண்டியை நிறுத்தச் சொன்னா தெயோஃபிலா. சளக் சளக்குன்னு முகத்தைக் கழுவினா, பவுடரை உதறினா, குல்லாயைப் போட்டுக்கிட்டா. "ஊர் என்ன சொல்லும்?"னார் வீட்டுக்காரர். "ஊரா என்னை அம்மான்னு கூப்பிடணும்?"னா.

டக் டக் டக், வண்டி வாசல்ல நின்னுது. ஆறு வயசுக் கஸ்யா படியில நின்னு பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் உள்ள திரும்பி, "மார்த்தா, அம்மா சுவத்துலேர்ந்து இறங்கி வந்துட்டாங்க"ன்னா.

அம்மாவும் வந்தாச்சு, கதையும் வீடு சேர்ந்தாச்சு. கண்ணை மூடு.